அலுவலக விக்கி: திறந்த மூலமா, தனியுடைமையா? தேர்ந்தெடுப்பது எப்படி?



ஓர் அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்த கணக்காளர் ஓய்வு பெறுகிறார். மறுநாள் காலையில், "இந்த சப்ளையருக்கு எப்படி பில் போடணும்?" என்று புதிதாக வந்தவர் கேட்கிறார். பதில் சொல்ல ஆள் இல்லை. விவரங்களில் பாதி அவர் தலைக்குள் இருந்தது. மீதி வாட்ஸ்அப்பிலும் பழைய மின்னஞ்சலிலும் சிதறிக் கிடக்கிறது. இந்தச் சிக்கலுக்குத்தான் பல நிறுவனங்கள் விக்கி மென்பொருளை நாடுகின்றன. நாடியதும் அடுத்த கேள்வி வருகிறது: சும்மா கிடைக்கும் திறந்த மூல விக்கியா, காசு கட்டி வாங்கும் தனியுடைமை விக்கியா?

கணினிப் பாடத்தில் இந்த ஒப்பீடு வினாவாக வரக்கூடிய ஒன்று. பள்ளிக்கோ சங்கத்துக்கோ ஒரு மென்பொருளைத் தேர்வு செய்யும்போதும் இதே கேள்விதான் எழும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1. விக்கி என்றால் என்ன?

பலர் சேர்ந்து எழுதக்கூடிய, யார் எப்போது என்ன மாற்றினார் என்ற வரலாற்றைச் சேமித்து வைக்கக்கூடிய இணையப் பக்கங்களின் தொகுப்பே விக்கி. தப்பாக அழித்துவிட்டாலும் பழைய பதிப்பை மீட்டுக்கொள்ளலாம். வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995-ஆம் ஆண்டில் முதல் விக்கியை இணையத்தில் வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து அவர் அதை எடுத்தார்.

விக்கிப்பீடியா 2001-இல் தொடங்கியது. அது இன்று இயங்குவது மீடியாவிக்கி என்ற திறந்த மூல மென்பொருளில். நம் மாணவர்கள் பயன்படுத்தும் தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் இயங்குகிறது.

2. இரண்டு சொற்களும் எதைக் குறிக்கின்றன?

திறந்த மூல மென்பொருள் என்றால், அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த உரிமைகளை ஓர் உரிமம் உறுதி செய்கிறது. மீடியாவிக்கி, டோக்குவிக்கி இரண்டும் ஜிபிஎல் உரிமத்திலும், புக்ஸ்டாக் எம்ஐடி உரிமத்திலும் கிடைக்கின்றன.

தனியுடைமை மென்பொருளின் மூல நிரல் மீதான உரிமை நிறுவனத்திடமே இருக்கும். நாம் காசு கட்டுவது பயன்படுத்தும் அனுமதிக்கு மட்டும். அட்லாசியன் நிறுவனத்தின் கன்ஃப்ளூயன்ஸ், நோஷன், மைக்ரோசாப்டின் ஷேர்பாயிண்ட் ஆகியவை இந்த வகை.

மாணவர்கள் பெரும்பாலும் குழம்பும் மூன்று இடங்கள் உண்டு.

அ) 'இலவசம்' வேறு, 'திறந்த மூலம்' வேறு. கன்ஃப்ளூயன்ஸ் பத்துப் பேர் வரை இலவசத் திட்டம் தருகிறது. அதனால் அது திறந்த மூலம் ஆகிவிடாது.

ஆ) நிரலைப் பார்க்க முடிவதாலேயே ஒன்று திறந்த மூலம் ஆகாது. அவுட்லைன் என்ற விக்கியின் நிரலை யாரும் படிக்கலாம். ஆனால் அதன் உரிமம் சில வணிகப் பயன்பாடுகளைத் தடுக்கிறது. உரிமத்தை வாசித்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும்.

இ) ஜிபிஎல் மென்பொருளைப் பயன்படுத்தினால் நம் நிறுவனத்தின் பக்கங்களையும் வெளியிட வேண்டுமா? வேண்டியதில்லை. உரிமம் நிரலுக்கு, நாம் எழுதிய உள்ளடக்கம் நம்முடையது. நிரலை மாற்றி நிறுவனத்துக்குள்ளேயே பயன்படுத்தினாலும் வெளியிடும் கட்டாயம் இல்லை. மாற்றிய மென்பொருளைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் அந்தக் கடமை வருகிறது.

3. செலவு: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"திறந்த மூலம்னா காசு இல்லையே!" என்று பலர் நினைப்பார்கள். உரிமத்துக்குக் காசு இல்லை, சரி. ஆனால் செர்வர் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. உண்மை விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

தனியுடைமை விக்கி: ஒருவருக்கு மாதம் 25 ரிங்கிட் என்று வைப்போம். 30 ஊழியர்களுக்கு மாதம் 750, ஆண்டுக்கு 9,000, மூன்றாண்டுக்கு 27,000 ரிங்கிட்.

திறந்த மூல விக்கி: தொடக்க அமைப்புச் செலவு 4,000. செர்வர் வாடகை மாதம் 80. தொழில்நுட்பர் மாதம் 6 மணி நேரம், மணிக்கு 100 வீதம் 600. ஆக மாதம் 680, மூன்றாண்டுக்கு 24,480. தொடக்கச் செலவையும் சேர்த்தால் 28,480 ரிங்கிட்.

பார்த்தீர்களா? 30 பேர் கொண்ட நிறுவனத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது எண்ணிக்கையை மாற்றுவோம். 8 பேர் என்றால் தனியுடைமைச் செலவு மூன்றாண்டுக்கு 7,200 மட்டுமே. 100 பேர் என்றால் அது 90,000 ஆகிவிடும். திறந்த மூலச் செலவோ இரண்டு நிலையிலும் பெரிதாக மாறாது.

காரணம் இதுதான்: சந்தா தலைக்கணக்கில் ஏறுகிறது, பராமரிப்புச் செலவு அப்படி ஏறுவதில்லை. மொத்த உடைமைச் செலவு என்று பாடநூல்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

4. பாதுகாப்பு: யாரு பார்த்துக்குவாங்க?

"நிரல் எல்லாருக்கும் தெரியுமே, அப்ப ஆபத்துதானே?" என்று ஒரு தரப்பு. "பல கண்கள் பார்ப்பதால் பிழை சீக்கிரம் அகப்படும்" என்று மறு தரப்பு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நடைமுறையில் முக்கியமானது வேறு: பாதுகாப்புத் திருத்தம் வந்ததும் அதை யார் நிறுவுவார்?

2022 ஜூனில் கன்ஃப்ளூயன்ஸில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. திருத்தம் வெளியாவதற்கு முன்பே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. பாதிக்கப்பட்டவை நிறுவனங்கள் தங்கள் செர்வரில் தாங்களே நடத்திய பதிப்புகள். அட்லாசியனே நடத்தும் மேகக்கணிமைப் பதிப்பு பாதிக்கப்படவில்லை. ஆக, தனியுடைமை என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. சொந்தமாக நடத்துபவர் விழிப்பாக இருந்தாக வேண்டும்.

திறந்த மூலத்துக்கும் இதே விதிதான். மீடியாவிக்கியில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு வரை திருத்தங்கள் வரும். திருத்தம் வந்தும் அதை யாரும் நிறுவாவிட்டால் பயன் இல்லை. "நிறுவிக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்ட்டான்" என்ற நிலை வந்தால், அந்த விக்கி பூட்டாத வீடுதான்.

5. கடை மூடினால் நம் பொருள் என்ன ஆகும்?

ஆசிரியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நிகழ்வு. விக்கிஸ்பேசஸ் என்ற சேவையைப் பல நாட்டு ஆசிரியர்கள் வகுப்பறை விக்கியாகப் பயன்படுத்தினார்கள். 2018-இல் அதன் வகுப்பறைப் பக்கங்களும் இலவசப் பக்கங்களும் முதலில் மூடப்பட்டன. கட்டணச் சேவைகளும் அடுத்தடுத்து நிறுத்தப்பட்டன. கெடுவுக்குள் உள்ளடக்கத்தை எடுத்து வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

இன்னொன்று: சொந்த செர்வரில் நிறுவும் கன்ஃப்ளூயன்ஸ் 'செர்வர்' பதிப்புக்கான ஆதரவை அட்லாசியன் 2024 பிப்ரவரி 15-இல் நிறுத்தியது. வாங்கி வைத்தவர்கள் தொடர்ந்து ஓட்டலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராது. ஆகவே பலரும் வேறு பதிப்புக்கோ வேறு மென்பொருளுக்கோ மாற வேண்டியதாயிற்று.

திறந்த மூலத்திலும் ஒரு திட்டத்தை உருவாக்கியவர்கள் விட்டுவிடலாம். ஆனால் நிரல் நம் கையில் இருக்கும்; நம் செர்வர் ஒரே நாளில் அணைந்துவிடாது. டோக்குவிக்கி இதில் ஒரு படி மேல். அது தரவுத்தளம் இல்லாமல், ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண உரைக் கோப்பாகச் சேமிக்கிறது. மென்பொருளே போனாலும் எழுத்து மிஞ்சும்.

எதை வாங்கினாலும், நுழையும் முன்பே வெளியேறும் வழியைக் கேளுங்கள்: "எல்லாப் பக்கங்களையும், படங்களையும், பழைய பதிப்புகளையும் எந்த வடிவத்தில் எடுத்துக்கொள்ளலாம்?" சொல்லிவிட்டுப் போகாதீர்கள், பத்துப் பக்கத்தை ஏற்றுமதி செய்து, வேறு இடத்தில் திறந்து பாருங்கள்.

6. யார் எதைப் படிக்கலாம்?

சம்பள விவரம் எல்லோர் கண்ணிலும் படக்கூடாது. மீடியாவிக்கி எல்லோரும் படிப்பதற்காகவே உருவானது. பக்கத்துக்குப் பக்கம் வாசிப்பைத் தடுப்பதற்கு அது ஏற்றதல்ல என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. டோக்குவிக்கி, புக்ஸ்டாக், எக்ஸ்விக்கி, கன்ஃப்ளூயன்ஸ் ஆகியவற்றில் குழுவாரியாக அனுமதி பிரிக்கலாம். 'விக்கிப்பீடியாவே பயன்படுத்துதே' என்பதற்காக மட்டும் மீடியாவிக்கியைத் தேர்வு செய்வது சரியாகாது.

வாடிக்கையாளர், மாணவர் விவரங்கள் இருந்தால் சட்டமும் உண்டு. மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010. சிங்கப்பூரில் அதே நோக்கத்துக்கான சட்டம் 2012. சேவையை வெளியாரிடம் கொடுத்துவிட்டதால் நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. தரவு எந்த நாட்டுச் செர்வரில் இருக்கிறது என்று கேட்பது நம் கடமை.

7. தமிழ் சரியாக வருமா?

நாம் கூடுதலாகச் சோதிக்க வேண்டியது இது. 'கொள்முதல்', 'ஸ்ரீ' போன்ற சொற்களைத் தட்டச்சு செய்து, தேடிப் பாருங்கள். பிறகு பிடிஎப் ஆக்கிப் பாருங்கள். திரையில் ஒழுங்காகத் தெரியும் கொம்பும் காலும் பிடிஎப்பில் இடம் மாறி நிற்பது சில மென்பொருள்களில் நடக்கிறது. மீடியாவிக்கிக்குத் தமிழ் இடைமுகம் உண்டு. அதன் நீட்சி ஒன்றின் மூலம் தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கும்.

இதை வைத்துத் திறந்த மூலம்தான் தமிழுக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தனியுடைமை மென்பொருள்தான். தமிழ்க் கணிமைக்கு அது செய்த பணி பெரிது.

8. முடிவு எடுப்பது எப்படி?

பத்துப் பேருக்குள், தொழில்நுட்பர் இல்லாத நிறுவனம்: தனியுடைமை மேகச் சேவையே எளிது. மாதம் ஒரு முறை உள்ளடக்கத்தை ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும்.

ஐம்பது பேருக்கு மேல், பராமரிக்க ஆள் உள்ள நிறுவனம்: திறந்த மூலம் செலவில் நன்மை தரும். ஒருவருக்கு இருவராகப் பராமரிப்புப் பழக்கி வைப்பது அவசியம்.

இடைப்பட்ட நிறுவனம்: திறந்த மூல மென்பொருளையே கட்டணத்துக்கு நடத்தித் தரும் சேவையாளர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்காவிட்டால், உள்ளடக்கத்தோடு வேறு இடம் போகலாம்.

9. தேர்வு மாணவர்களுக்கு

"திறந்த மூலம் இலவசம், ஆகவே சிறந்தது" என்று எழுதினால் முழுப் புள்ளி கிடைப்பது கடினம். இப்படி எழுதிப் பழகுங்கள்: முதலில் இரண்டுக்கும் உரிமத்தின் அடிப்படையில் விளக்கம். அடுத்து செலவு, பாதுகாப்பு, அணுகல் அனுமதி, ஆதரவு, வெளியேறும் வழி என ஐந்து கூறுகளில் ஒப்பீடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. கடைசியில், வினாவில் கொடுத்த நிறுவனத்தின் அளவையும் ஆட்களையும் பார்த்து ஒரு பரிந்துரை, அதற்கான காரணம்.

ஆசிரியர்கள் மேலே உள்ள செலவுக் கணக்கைப் பயிற்சியாகக் கொடுக்கலாம். எத்தனை ஊழியர்கள் இருக்கும்போது இரண்டு செலவும் சமமாகும் என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு மூன்றாண்டுச் சந்தா 900 ரிங்கிட். 28,480-ஐ 900-ஆல் வகுத்தால் 31-க்குச் சற்று மேல் வரும். ஆக, 32-ஆவது ஊழியர் வேலைக்குச் சேரும்போது திறந்த மூலம் மலிவாகிறது. மணிக்கூலியை 150 ஆக்கினால் விடை எப்படி மாறுகிறது என்பதை வகுப்பில் போட்டுப் பாருங்கள்.