ஜவ்வு சேர்ந்தால் மட்டும் போதாது

ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட கபடிப் பையன்கள் ஐந்தாவது மாதம் வாக்கில் என்னோடு சண்டைக்கு நிற்பார்கள். “வீக்கம் இல்லை, வலி இல்லை, கிரவுண்டைச் சுற்றி ஓடுறேன். பொங்கல் மேட்சுக்கு இறங்கினா என்ன சார்?” பிசியோதெரபிஸ்டான நான் பதில் சொல்வதில்லை. டேப்பை எடுத்து இரண்டு தொடைகளையும் அளந்து காட்டுவேன். ஆபரேஷன் ஆன பக்கம் பெரும்பாலும் இளைத்திருக்கும்.

மூட்டில் நீர் கோத்தால் முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே குறைத்துவிடுகிறது. எவ்வளவு முக்கினாலும் தசை முழுதாக இறுகாது. இறுகாத தசை சில வாரங்களில் வற்றிவிடும். பின்தொடையிலிருந்து நார் எடுத்துப் பொருத்தியிருந்தால் அங்கேயும் பலம் குறையும். பொருத்திய நார் ஜவ்வாகப் பக்குவப்படப் பல மாதங்கள் பிடிக்கும். வலியோ அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. ஆபத்து அங்கேதான்.

ரெய்டு போகிறவன் ஒற்றைக் காலை ஊன்றிச் சட்டென்று திரும்புவான். அந்தப் பாரத்தைத் தொடைத் தசைகள் வாங்கிக்கொள்ளாவிட்டால் அது ஜவ்வில் இறங்கும்.

2016இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு, ஆபரேஷனுக்குப் பின் 2 ஆண்டுகள் நோயாளிகளைக் கவனித்தது. 9 மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆட்டத்துக்குத் திரும்புவதற்கான சோதனைகளில் தேறாமல் ஆடப் போனவர்களில் 38 சதவீதம் பேருக்கு முழங்கால் மறுபடி அடிபட்டது. தேறியவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு.

தேற வேண்டுமானால், அடிபட்ட காலின் பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். நொண்டியடித்துத் தாண்டும் தூரத்தை மட்டும் நம்ப முடியாது. முட்டியின் குறையை இடுப்பும் கணுக்காலும் மறைத்துவிடும். மாதக்கணக்கில் ஓய்ந்திருந்ததில் நல்ல காலும் பலம் இழந்திருக்கலாம். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலின் பலத்தை அளந்து எழுதி வைப்பது நல்லது.

நடையும் சைக்கிளும் நல்ல ஆரம்பம். ஆனால் எடையைப் படிப்படியாக ஏற்றிச் செய்யாமல் தொடை பழைய பலத்துக்கு வராது. வாரத்தில் சில நாள், மாதக்கணக்கில், சலிப்பில்லாமல் செய்ய வேண்டிய வேலை இது.

பெற்றோருக்கும் கோச்சுகளுக்கும் ஒரு வேண்டுகோள்: 9 மாதத்துக்கு முன் பையனைக் களத்தில் இறக்காதீர்கள். 9 மாதம் ஆனாலும் தொடை பலத்தை அளக்காமல் இறக்காதீர்கள்.