கேபினைத் தூக்கும்போது ஒடிந்த பிராக்கெட், தூக்கியதால் ஒடியவில்லை

தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய சித்தப்பா மகனின் லாரி கச்சிராயபாளையத்தில் நின்றுவிட்டது. டீசல் லைனில் காற்று. கேபினைச் சாய்த்துப் பார்க்கலாம் என்று பம்ப் அடித்திருக்கிறான். பாதி தூக்கியதும் ‘டப்’பென்று ஒரு சத்தம்; கேபின் ஒரு பக்கம் சரிந்து நின்றது. சிலிண்டரின் அடிப்பக்கம் சேஸிஸோடு சேரும் பிராக்கெட்டில் ஒரு காது ஒடிந்து, இன்னொன்று வளைந்து போயிருந்தது.

“நல்லவேளைண்ணே, அப்பதான் உள்ள கைய விடப் போனேன்” என்றான். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிழங்கோ காத்திருக்காது. பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே கருக்க ஆரம்பித்துவிடும், மாவுச்சத்து குறையும், ஆத்தூர் ஜவ்வரிசி மில்லில் விலை விழும். லோடை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பிவிட்டுத்தான் பிராக்கெட் பக்கமே திரும்பினோம்.

எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: “கேபின் வெயிட்டு தாங்கல.” நம்பத் தோன்றியது, கணக்கும் பயமாகத்தான் இருந்தது. கதவைக் கைப்பிடியில் தள்ளாமல் கீல் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது! கேபினின் கீல் முன்பக்கம் கீழே இருக்கிறது. சிலிண்டர் அதற்குப் பக்கத்திலேயே உந்துகிறது. ஒரு பேச்சுக்கு, கேபின் 900 கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து 80 செ.மீ., சிலிண்டரின் விசை போகும் கோடு 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சிலிண்டர் 3,600 கிலோ விசையோடு தள்ள வேண்டும். கேபின் எடையைப் போல நான்கு மடங்கு! அது முழுக்க அந்த ஒரு பிராக்கெட்டில்தான் இறங்கும். மேலே போகப் போக விசை குறையும். எடை மையம் கீலைத் தாண்டி முன்னால் போனதும் கேபின் தானே விழப் பார்க்கும். அப்போது சிலிண்டர் அதை இழுத்துப் பிடிக்கும். அதாவது ஒரே பிராக்கெட் முதலில் அழுத்தமும் பிறகு இழுவையும் வாங்குகிறது.

ஆனால் இதற்கெல்லாம் சேர்த்துத்தானே அதைச் செய்திருக்கிறார்கள்? மாதத்துக்கு நாலு தடவை தூக்குவதால் ஒடியுமா?

ஒடிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். முக்கால் பங்கு கறுத்துத் துருவேறி, கிளிஞ்சல் ஓட்டில் இருப்பது போல வளைவு வளைவான வரிகள். மிச்சம் மட்டும் சொரசொரப்பாக, பளபளவென்று. பளபளப்பு அன்று ஒடிந்தது. கறுப்பு ரொம்ப நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்த விரிசல். இது உலோகக் களைப்பு. 1842இல் வெர்சாய் ரயில் விபத்தில் இன்ஜினின் அச்சு முறிந்ததையொட்டித்தான் இதை ஐரோப்பா தீவிரமாக ஆராய ஆரம்பித்தது. ஒரு பெரிய சுமை வேண்டியதில்லை. சின்னச் சுமை லட்சக்கணக்கான தடவை வந்தால் போதும்.

லட்சக்கணக்கான தடவை வருவது ரோட்டில்தான். கேபின் ஸ்பிரிங், ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டே போகிறது. சிலிண்டரின் ஒரு முனை கேபினில், மறுமுனை சேஸிஸில். அதனால் ஓடும்போது சிலிண்டர் தடையில்லாமல் நீண்டு சுருங்க வேண்டும். இந்த மாதிரி அமைப்பில் பம்ப் லீவர் ‘இறக்கு’ நிலையில் இருந்தால் எண்ணெய் டேங்குக்குப் போய்வர வழி திறந்திருக்கும். ‘தூக்கு’ நிலையில் விட்டால் எண்ணெய் பூட்டிக்கொள்ளும். சிலிண்டர் இரும்புக் கம்பி போல ஆகிவிடும். மலை ரோட்டின் ஒவ்வொரு குழியும் நேராகப் பிராக்கெட்டில் அடிக்கும்.

“இறக்கினதும் லீவர எங்கடா வைப்ப?”

“மேலதாண்ணே. அடுத்த தடவ தூக்க ரெடியா இருக்கும்ல.”

ஒரு வருஷமாக அப்படித்தானாம்.

வெல்டிங் மேஸ்திரி செய்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் செயின் பிளாக்கில் கேபினைத் தொங்கவிட்டு, கீழே கட்டையும் முட்டுக் கொடுத்தார். பம்பை நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது என்பதில் கறாராக இருந்தார். சேஸிஸில் வைத்தே பற்றவைக்கலாமே என்று ஒருவர் சொன்னதற்கு “சேஸிஸ்ல சூடு காட்டினா அடுத்து சேஸிஸே விரியும்” என்றார். உண்மைதான், அந்த எஃகின் பலம் வெல்டிங் சூட்டில் மாறிவிடும். போல்ட்டைக் கழற்றிப் பிராக்கெட்டை மேசைக்குக் கொண்டுவந்தார். வளைந்த காதையும் விடவில்லை. அதை நிமிர்த்தினால் உள்ளே விரிசல் விழுந்திருக்கும் என்று வெட்டி எறிந்துவிட்டு, இரண்டுக்கும் புதுப் பட்டை வெட்டினார். விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, சூடாக்கி உலர்த்திய 7018 ராடில் பற்றவைத்தார். ஈர ராடில் ஹைட்ரஜன் உள்ளே போய்ப் பிறகு விரிசல் விடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று: இரண்டு காதுக்கும் நடுவே பழைய பின்னைச் சொருகி வைத்துக்கொண்டுதான் புள்ளி வைத்தார். வெல்டு ஆறும்போது இழுக்கும். ஓட்டைகள் நேர்க்கோட்டை விட்டு விலகினால் பின் கடித்துக்கொள்ளும்.

கம்பெனி பிராக்கெட் வரும்வரை இது தற்காலிகம்தான் என்று அவரே சொல்லிவிட்டார். வந்ததும் புது போல்ட்டோடு மாட்டினோம். செயினை அவிழ்க்காமலேயே இரண்டு தடவை தூக்கி இறக்கிப் பார்த்தார்.

தம்பி பம்ப் பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறான்: ‘ஓடும்போது இங்கே’.