உருவப்படங்களைப் படிப்பது எப்படி?

உருவப்படம் ஒன்றைக் கண்டதும் நம் கண் முதலில் முகத்தை நாடுகிறது. உடை, அணிகலன், கையிலுள்ள பொருள் ஆகியவற்றையும் சற்று ஆராய்ந்து பாருங்கள். அக்காலச் சமுதாயம் எதை உயர்வாக மதித்தது என்பதை அவை கூறும்.

அமெரிக்க ஓவியர் காப்ளி, 1768-ல் பால் ரிவியர் என்ற வெள்ளி வேலைக்காரரை வரைந்தார். மேலங்கி இன்றி, கையில் தேநீர்க் கெண்டியும் எதிரே கருவிகளுமாக அவர் அமர்ந்திருக்கிறார். உழைப்பை அப்படம் பெருமையாகக் காட்டுகிறது. 1796-ல் கில்பர்ட் ஸ்டூவர்ட் தீட்டிய படத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் முடியின்றிக் கறுப்பு உடையில் நிற்கிறார். மன்னரில்லாத குடியரசின் இலட்சியம் அது. ஆனால் அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்ற செய்தியை அப்படத்தில் காண முடியாது.

அதே காலத்தில் நம் தஞ்சையில் நடந்ததைக் காண்போம். கம்பெனி அதிகாரிகளுக்காக, தஞ்சை ஓவியர்கள் கணவன் மனைவியாக இணையிணையாகப் படங்கள் வரைந்தனர். தொழிலாளர் கையில் தொழிற்கருவி இருக்கும். 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னரின் படத்திற்குப் பெயர் உண்டு. இவர்களுக்குச் சாதிப் பெயரோ தொழிற்பெயரோதான்.

பின்னர் வந்தவர் ரவிவர்மா (1848–1906). அவர் கையாண்டது எண்ணெய் வண்ணம். ஆளிவிதை எண்ணெய் நீரைப் போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. ஆகவே வண்ணங்களை நிதானமாகக் குழைத்துப் பட்டின் பளபளப்பையும் பொன்னின் ஒளியையும் காட்ட முடிந்தது. செல்வர்கள் விரும்பியதும் அதுவே.

1894-ல் பம்பாயில் அவர் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து நீர் தடவுவார்கள். அச்சு மை கோடுகளில் மட்டும் ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. நிறத்திற்கு ஒரு கல் வீதம் மாற்றி மாற்றி அச்சிட்டால் வண்ணப்படம் கிடைக்கும். இவ்வாறு சேலையுடுத்திய லட்சுமியும் சரஸ்வதியும் எளியோர் வீடுகளுக்கும் வந்தனர். அழகிய பெண் என்றால் எத்தகையவள் என்ற ஒரே கருத்தும் அவற்றோடு பரவியது.

புகைப்படங்களையும் இவ்வாறே படிக்கலாம். 1862-ல் ரயில் பாதை வந்தடைந்த ஊர் போத்தனூர். அத்தகைய ஊரில், ரயில்வே சீருடையணிந்த பாட்டனாரின் படம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கலாம். அவர் வேட்டியை விட்டுச் சீருடையில் நின்றது ஏன்? பாட்டியின் படம் அருகில் உள்ளதா? தண்டவாளத்திற்கு மண் சுமந்தவர்களின் படம் எங்கே? இக்கேள்விகளை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கிடைக்கும் பெயர்களையும் ஆண்டையும் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள்.