வகுப்பறையில் கடவுள் – 7: சிங்கப்பூர் திரும்பப் பெற்ற பாடம்

போன வாரம் பார்த்த இங்கிலாந்தில், 1944இல் கட்டாயமான சமயக் கல்வி இன்றும் கட்டாயம்தான். சிங்கப்பூரின் கதை வேறு. 1984இல் கொண்டுவந்தார்கள், 1989இல் போதும் என்றார்கள்.

இத்தனைக்கும் அது மதச்சார்பற்ற அரசு. மரியா ஹெர்டோக் என்ற சிறுமி யாரிடம், எந்த மதத்தில் வளர்வது என்ற வழக்கை ஒட்டி 1950இல் மூண்ட கலவரத்தில் 18 பேர் இறந்த ஊர். அப்படிப்பட்ட ஊரில் மதத்தை வகுப்புக்குள் அழைத்து வந்தவர் சாமியாரல்ல, பொருளியலாளர். ஜூரோங் தொழிற்பேட்டையை எழுப்பிய கோ கெங் சுவீ அப்போது கல்வி அமைச்சர். ஆங்கிலக் கல்வியும் கையில் காசும் வந்தபின் இளைஞர்கள் வேரை விட்டுப்போவார்கள் என்பது அன்றைய தலைவர்களின் கவலை. வெறும் நன்னெறிப் பாடம் பிடிப்பில்லாமல் இருக்கிறது, மதத்தின் பிடிமானம் இருந்தால் ஒழுக்கம் நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1982 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்கள் சமய அறிவுப் பாடம் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்.

பைபிள் அறிவு, பௌத்தக் கல்வி, இஸ்லாமிய சமய அறிவு, இந்து சமயக் கல்வி, சீக்கியக் கல்வி என்று ஆளுக்கொன்று. கோயிலுக்கே போகாத சீனக் குடும்பத்துப் பிள்ளை எதை எடுக்கும்? அதற்காகவே கன்பூசிய அறநெறி சேர்ந்தது. சீனர் பெரும்பான்மையாக வாழும் ஊருக்குக் கன்பூசியஸைச் சொல்லித்தர, ஹார்வர்டிலிருந்து டூ வெய்மிங், யேலிலிருந்து யூ யிங்ஷி என்று அமெரிக்கப் பல்கலைக்கழக அறிஞர்களை வரவழைத்தார்கள். இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. ஆனால் பாடத்திட்டம் என்னவோ சிரத்தையாகத்தான் எழுதப்பட்டது.

பிள்ளைகள் வேறு கணக்குப் போட்டார்கள். சீன மாணவர்கள் பெருவாரியாகப் பௌத்தத்துக்குப் போனார்கள். பைபிள் அறிவுக்கும் நல்ல கூட்டம். அரசு ஆசை ஆசையாகச் சமைத்த கன்பூசிய அறநெறி அவ்விரண்டுக்கும் பின்னால்தான் நின்றது. பொதுத்தேர்வு என்று வந்துவிட்டால் எதில் மதிப்பெண் விழும் என்றுதான் வீட்டில் பேச்சு நடக்கும். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஒரே வகுப்பில் கணிதம் படித்த பிள்ளைகள், ஒழுக்கம் படிக்கும் நேரத்தில் மட்டும் மதவாரியாகப் பிரிந்து வெவ்வேறு அறைக்குப் போனார்கள். பக்கத்து மேசைக்காரனின் நோன்பு என்ன, தைப்பூசம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டிய வயதில், அவனவன் தன் வீட்டில் ஏற்கெனவே அறிந்ததையே மறுபடி படித்தான். நல்ல குடிமகனை உருவாக்க வந்த பாடம் குடிமக்களைத் தனித்தனி வரிசையில் நிறுத்தியது. என் பார்வையில், திட்டம் அங்கேயே தோற்றுவிட்டது.

இதற்கிடையில் அரசு கேட்டு எழுதப்பட்ட சமூகவியல் ஆய்வுகள், ஆங்கிலம் படித்த சீன இளைஞர்களிடையே கிறிஸ்தவம் பரவுவதையும் பௌத்தம் புத்துயிர் பெறுவதையும் காட்டின. 1989 அக்டோபரில் கல்வி அமைச்சர் டோனி டான் பாடத்தின் கட்டாயத்தை விலக்குவதாக அறிவித்தார். மத உணர்வு கூடிவரும் காலத்தில் அரசு எல்லா மதங்களுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். 1987இல் கத்தோலிக்கத் திருச்சபை ஊழியர்கள் சிலர் உட்பட 22 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். 1990இல் மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. பாட விலக்கலை இவ்விரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் நான் வாசிக்கிறேன். மதம் ஒழுக்கம் தரும் என்று நம்பிய அரசு, அது அமைப்பாகவும் திரளும் என்பதைக் கண்டு விழித்துக்கொண்டது.

1992இல் குடியியலும் நன்னெறியும் ஒரே பாடமாக வந்தன. எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். ஆனால் தொடக்கப்பள்ளியில் அந்தப் பாடம் தாய்மொழியில் நடந்தது. தமிழ்ப் பிள்ளை தமிழாசிரியரிடம், மலாய்ப் பிள்ளை மலாய் ஆசிரியரிடம். மதத்தால் பிரித்ததை மூடியவர்கள் மொழியால் பிரிவதை ஏன் பொருட்படுத்தவில்லை என்று கேட்கலாம். மொழி அங்கே அரசின் கையில் இருக்கிறது, மதம் இல்லை என்பதே எனக்குத் தோன்றும் பதில்.

அடுத்த வாரம் கியூபெக். அங்கே எல்லா மதங்களையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அறையில் சொல்லித்தரும் பாடத்தை 2008இல் தொடங்கினார்கள். அதற்கும் எதிர்ப்பு வந்தது.