சிஎஸ்ஆர் பலகைக்குப் பின்னால்

அரசுப் பள்ளிக் கழிவறைச் சுவரிலும் பேருந்து நிழற்குடையிலும் ஒரு நிறுவனத்தின் பெயர், கீழே 'சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியிலிருந்து' என்று ஒரு வரி. தானம் என்று நினைத்து நாமும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அது தானம் அல்ல, சட்டக் கடமை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தை இதற்காகச் செலவிட வேண்டும்.

ஆண்டறிக்கையின் வழவழப்பான பக்கங்கள் பேசுவது இந்த 2 சதவீதத்தைப் பற்றி. மற்ற 98 சதவீதம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

கொடைக்கானலை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் அமெரிக்காவிலிருந்து அங்கே இடம்பெயர்ந்த தெர்மாமீட்டர் ஆலை, பின்னாளில் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு அங்குள்ள மூஞ்சிக்கல் பகுதிக் காயலான் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டுவந்த பிறகு ஆலை நின்றது. 2003இல் டன் கணக்கில் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. வேலையால் உடல்நலம் கெட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்படி எந்தப் பாதிப்பும் இல்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2010இல், தாய் நிறுவனமான யூனிலீவர் உலகம் முழுமைக்குமான நிலைத்த வாழ்வுத் திட்டம் ஒன்றை அறிவித்துப் பாராட்டும் வாங்கியது. 2015இல் இதைப் பற்றிப் பாடகி சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் இணையத்தில் பரவி, கொடைக்கானல் மறுபடி பேச்சானது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை நின்று சரியாகப் பதினைந்து ஆண்டு! ஆலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற வழக்காடல் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

அந்த உலகத் திட்டத்தில் பொய் எழுதியிருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பொய்க்கு அவசியமே இல்லை. எதைப் பேசுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தாலே போதும்.

சட்டம் இந்த இடத்தில் ஓரளவு தெளிவாக இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, வேறொரு சட்டம் ஏற்கெனவே விதித்த கடமையைச் செய்துவிட்டு அதைச் சிஎஸ்ஆர் கணக்கில் எழுதக் கூடாது. தன் ஆலைக் கழிவுநீரைத் தானே சுத்திகரிப்பதும் தன் ஊழியருக்கு மட்டும் செய்யும் உதவியும் அந்தக் கணக்கில் வராது. இணையதளம் வைத்திருக்கும் நிறுவனம் தன் சிஎஸ்ஆர் கொள்கையையும், இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களையும் அதில் வெளியிட வேண்டும். உங்கள் ஊர்ப் பலகையில் இருப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதைவிட முக்கியமான காகிதம் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் அனுமதி பெற்ற ஆலை, நிபந்தனைகளை நிறைவேற்றியதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், யார் கேட்டாலும் நகல் கொடுக்க வேண்டும். தனியார் கம்பெனியிடம் தகவல் உரிமைச் சட்டம் செல்லாது என்று தயங்க வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அது செல்லும். 10 ரூபாய்க் கட்டணத்தோடு, ஆலைக்கு வழங்கிய இசைவாணை, ஆய்வு அறிக்கைகள், அனுப்பிய நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு.

அந்த ஆவணங்களில் விதிமீறல் தெரிந்தால் வழக்குப் போட, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே காலக்கெடுதான் பலரைக் கவிழ்க்கிறது: பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடு கேட்பதற்கு 5 ஆண்டு. மனுக்கொடுத்துவிட்டுக் கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருப்பதிலேயே அந்த 6 மாதம் ஓடிவிடும், எச்சரிக்கை.

பொட்டலத்தின் மேல் 'பசுமை', 'இயற்கைக்கு உகந்தது' என்று போட்டு விற்பதற்கும் இப்போது கேள்வி உண்டு. ஆதாரம் இல்லாமல் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. புகாருக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆலையை விரிவாக்கக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது மேடையில் பள்ளிக் கட்டடப் படத்தைக் காட்டுவார்கள். கட்டடத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, கடைசி ஆறு மாத அறிக்கையை மைக்கில் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கேள்வியைக் கூட்டக் குறிப்பிலும் பதியச் சொல்லுங்கள்.