பார்சலின் வரி வேறு, கூரியர் கட்டணம் வேறு

சீனாவிலிருந்தும் டுபாயிலிருந்தும் சாமான் வரவழைப்பது ஒரு காலத்தில் கொள்கலன் இறக்கும் பெரிய முதலாளிமாரின் வேலையாக இருந்தது. இன்று நிலைமை அப்படியல்ல. தையல் மெஷினுக்கு உதிரிப்பாகம் தேடும் கல்முனைக் கடைக்காரரும், கையடக்கத் தொலைபேசிக் கவர் விற்கும் அக்குறணை இளைஞரும் இணையத்தின் மூலம் ஓடர் கொடுத்து, கூரியர் மூலம் பார்சலாகப் பெற்றுக்கொள்கின்றனர். பார்சல் வாசலுக்கு வரும்போதுதான் பிரச்சினையும் வருகின்றது. “நானா, இவ்வளவு கட்டினாத்தான் சாமானத் தரலாம்” என்று பார்சல் கொண்டுவரும் பிள்ளை பில்லை நீட்டுகிறார். தொகையைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது. “கஸ்டம்ஸ்காரன் அடிச்சிட்டான்” என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டுவதுதான் எம்மில் பெரும்பாலானோரின் வழக்கம்.

ஆனால் அந்தப் பில்லில் உள்ள பணம் முழுவதும் சுங்கத் திணைக்களத்துக்குப் போவதில்லை. அதில் ஒரு பகுதி அரசாங்கத்தின் வரி. மறு பகுதி கூரியர் கம்பனி தனது வேலைக்காக எடுக்கும் கட்டணம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் எதையும் தட்டிக் கேட்க முடியாது. ஏனெனில் வரி பிழையாயின் கேட்க வேண்டிய இடம் ஒன்று, கட்டணம் பிழையாயின் கேட்க வேண்டிய இடம் வேறொன்று.

பில்லில் என்னென்ன இருக்கும்?

அரசாங்கத்தின் பக்கத்தில் சுங்கத் தீர்வை, துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி வரி, சில பொருட்களுக்கு செஸ் வரி, வற் எனப்படும் பெறுமதி சேர் வரி, சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி ஆகியவை வரலாம். வற் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதமாகும். சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2022 ஒக்டோபர் 1 முதல் 2.5 வீதமாக அறவிடப்படுகின்றது. எந்தப் பொருளுக்கு எந்த வரி என்பதைப் பொருளின் எச்.எஸ். இலக்கமே தீர்மானிக்கின்றது. இந்த இலக்கங்களும் வரி வீதங்களும் அடங்கிய பட்டியலைச் சுங்கத் திணைக்களம் தனது இணையத்தளத்தில் வெளியிடுகின்றது. டொலரை ரூபாவாக மாற்றுவதற்கான நாணய மாற்று வீதத்தையும் வாராவாரம் அதே இடத்தில் பார்க்கலாம்.

கூரியர் கம்பனியின் பக்கத்தில் வேறு பெயர்கள் இருக்கும். சுங்க அனுமதி பெற்றுக் கொடுத்ததற்கான கட்டணம், ஆவணக் கட்டணம், களஞ்சியக் கட்டணம் என்பன அவற்றுட் சில. எமது வரியைக் கம்பனி தன் கையிலிருந்து முற்கூட்டிச் செலுத்தியதற்கென்றும் ஒரு கட்டணம் எடுப்பார்கள். அது பெரும்பாலும் வரித் தொகையில் இத்தனை வீதம் அல்லது ஆகக் குறைந்தது இத்தனை ரூபா என்று அமையும். சிறிய பார்சல்களைக் கடிப்பது இந்த ‘ஆகக் குறைந்தது’ என்ற சொல்தான். இக்கட்டணங்களுக்கு மேல் அவற்றுக்குரிய வற் வரியும் சேரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

விளங்கிக்கொள்வதற்காக மட்டும் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். இருபது உதிரிப்பாகங்கள். பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் அல்லது விமானக் கூலி எல்லாம் சேர்ந்த பெறுமதி, அதாவது நாம் சி.ஐ.எஃப். என்று சொல்வது, 40,000 ரூபா. தீர்வை இல்லாத பொருள் என்றும், வற் தவிர்ந்த ஏனைய வரிகளை ஒதுக்கி வைத்தோம் என்றும் கொள்வோம். இறக்குமதியில் வற் வரி கணிக்கும்போது சி.ஐ.எஃப். பெறுமதியுடன் 10 வீதம் கூட்டியே கணிப்பார்கள். ஆகவே 44,000 ரூபாவுக்கு 18 வீதம், 7,920 ரூபா. பலர் 40,000 ரூபாவுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, 720 ரூபா கூட எடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகிறார்கள். அது பிழையான சண்டை.

இனிக் கூரியர் கட்டணம். அனுமதிக் கட்டணம் 3,500, முற்கொடுப்பனவுக் கட்டணம் 1,500, ஆக 5,000 ரூபா. அதற்கு வற் 900 ரூபா. மொத்தம் 5,900. வரியும் கட்டணமும் சேர்ந்து பில் 13,820 ரூபாவாகின்றது.

ஒரு பாகத்துக்கு என்று பிரித்தால் கட்டணம் மட்டும் 295 ரூபா. ஒரு பாகத்தில் 300 ரூபா இலாபம் வைத்து விலை சொன்ன கடைக்காரருக்கு மிஞ்சுவது 5 ரூபா. அதே இருபது பாகங்களையும் பத்துப் பத்தாக இரண்டு பார்சல்களில் வரவழைத்திருந்தால் கட்டணமும் இரண்டு தரம் விழுந்து, ஒவ்வொன்றிலும் 290 ரூபா நட்டம் வந்திருக்கும். வியாபாரம் ஓடுகிறது, கையில் ஒன்றும் தங்கவில்லை என்று சொல்வோரில் சிலருடைய பணம் இந்த இடத்தில்தான் கரைகின்றது.

வரி பிழை என்றால்

சுங்கக் கட்டளைச் சட்டம் 1869 ஆம் ஆண்டு முதல் இருந்து வருவது. 2003 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம், உலக வர்த்தக அமைப்பின் பெறுமதி மதிப்பீட்டு விதிகள் அதில் சேர்க்கப்பட்டன. அவற்றின்படி, நீங்கள் உண்மையாகக் கொடுத்த, அல்லது கொடுக்க வேண்டிய விலையே மதிப்பீட்டின் முதல் அடிப்படையாகும். அந்த விலையில் அதிகாரிக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே அடுத்த முறைகளுக்குப் போகலாம்.

ஆகவே சந்தேகத்தை நீக்கும் ஆவணங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். விற்பனையாளரின் இன்வொய்ஸ், வங்கி அல்லது கார்ட் மூலம் பணம் செலுத்திய பதிவு, ஓடர் பக்கத்தின் பிரதி, விமானக் கூலிப் பற்றுச்சீட்டு ஆகிய நான்கும் போதும். பின்னர் சுங்கப் பிரகடனத்தின் பிரதியைக் கூரியர் கம்பனியிடம் கேட்டுப் பெறுங்கள். நாம் கஸ்டெக் என்று சொல்லும் அந்தத் தாளில் ஐந்து விடயங்களைப் பார்க்க வேண்டும். எச்.எஸ். இலக்கம் உங்கள் பொருளுக்கு உரியதா? பெறுமதி சரியா? கூலி இரு தடவை சேர்க்கப்பட்டுள்ளதா? எண்ணிக்கை சரியா? நாணய மாற்று வீதம் உரிய வாரத்துக்குரியதா? இலக்கத்தை மாற்றிப் போட்டதனால் வரி கூடியிருந்தால், அதைப் போட்டவர் பெரும்பாலும் உங்கள் சார்பில் ஆவணம் சமர்ப்பித்த முகவரே தவிர, சுங்க அதிகாரி அல்ல. அப்போது திருத்தக் கோர வேண்டிய முதல் ஆளும் அவரே.

பிழை உறுதியானால் சுங்கப் பணிப்பாளர் நாயகத்துக்கு எழுத்து மூலம், ஆவணங்களை இணைத்து, மேலதிகமாகச் செலுத்தியதைத் திருப்பித் தருமாறு கோரலாம். தாமதிக்காமல் எழுதுவது நல்லது. மதிப்பீட்டின் அடிப்படை என்னவென்று அறிய வேண்டுமாயின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச நிறுவனம் என்ற வகையில் திணைக்களத்திடம் விண்ணப்பிக்கவும் வழியுண்டு.

கட்டணம் பிழை என்றால்

இங்கு சுங்கத் திணைக்களத்துக்குப் போய்ப் பயனில்லை. கூரியர் கம்பனியின் கட்டணத்தை அவர்கள் நிர்ணயிப்பதில்லை. கம்பனியிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்.

ஒன்று, ஒவ்வொரு கட்டணமும் எந்த வேலைக்கு? ‘இதர செலவு’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்க வேண்டாம். இரண்டு, இக்கட்டணம் உங்களது வெளியிடப்பட்ட கட்டணப் பட்டியலில் உள்ளதா? இருந்தால் அந்தப் பட்டியலின் பிரதியைத் தாருங்கள். மூன்று, வேலை தொடங்குவதற்கு முன்னர் எனக்கு அறிவித்தீர்களா? நான்கு, அனுப்பியவர் இத்தொகையை ஏற்கனவே உங்களுக்குச் செலுத்தியிருக்கிறாரா?

நான்காவது கேள்விதான் அடிக்கடி பணம் திரும்பி வரும் கேள்வி. வெளிநாட்டு விற்பனையாளர் டி.டி.பி. என்ற நிபந்தனையில் விற்றிருந்தால் வரியும் அனுமதிச் செலவும் அவரது பொறுப்பு. டி.ஏ.பி. என்று விற்றிருந்தால் இறக்குமதி வரியும் அனுமதிச் செலவும் உங்கள் தலையில். பழைய ஆட்கள் சொல்லும் டி.டி.யு. என்ற சொல் 2011 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்த இன்கோடேர்ம்ஸ் 2010 இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. எனவே இன்வொய்ஸில் எது எழுதப்பட்டுள்ளது என்று பாருங்கள். டி.டி.பி. என்று எழுதிப் பணமும் வாங்கிய பின்னர் உங்களிடம் பில் வந்தால், விற்பனையாளரிடமோ, ஓடர் கொடுத்த தளத்திலோ, கார்ட் கொடுத்த வங்கியிலோ முறைப்பாடு செய்யலாம். இவற்றுக்குக் கால எல்லை உண்டு என்பதால் பில் வந்த வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

இதற்கிடையில் பார்சலை எடுக்காமல் விட்டால் களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். அறுநூறு ரூபாவுக்கு வாதாடப் போய் ஆறாயிரம் கட்டியவர்களும் உண்டு. ஆகையால் சர்ச்சைக்குரிய தொகை சிறிதாயின், பணத்தைக் கட்டிப் பொருளை எடுத்துக்கொண்டு, ‘ஆட்சேபனையுடன் செலுத்தப்பட்டது’ என்று பற்றுச்சீட்டின் பிரதியில் எழுதிக் கையொப்பமிட்டு, அன்றே மின்னஞ்சல் ஒன்றும் அனுப்பிவிடுவது உத்தமம். மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்:

“மேற்படி இலக்கப் பார்சலுக்காக நீங்கள் அறவிட்ட தொகையில் அரசாங்க வரியை நான் மறுக்கவில்லை. அனுமதிக் கட்டணமாகவும் முற்கொடுப்பனவுக் கட்டணமாகவும் அறவிடப்பட்ட 5,000 ரூபாவும் அதற்குரிய வற் வரியும் எனக்கு முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை. இவற்றுக்கான கட்டணப் பட்டியல், சுங்கப் பிரகடனப் பிரதி, வரி செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியவற்றை 14 நாட்களுக்குள் அனுப்பி வைக்கவும். நியாயப்படுத்த முடியாத தொகையைத் திருப்பித் தரவும்.”

கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டியதில்லை. பார்சல் கொண்டுவரும் பிள்ளையை ஏசுவதிலும் பயனில்லை. அவர் பில் போட்டவர் அல்லர்.

பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொருந்தும். தவறாக வழிநடத்தும் நடத்தையையும் அது தடை செய்கின்றது. முறைப்பாடு எழுத்தில், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் இருக்க வேண்டும். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். உள்ளூர்க் கம்பனியோடு பேசித் தீர்க்கக்கூடிய பணத் தகராறாயின், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையும் ஒரு வழி.

வற் பதிவுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை

வற் வரிக்குப் பதிவு செய்த வியாபாரி இறக்குமதியில் கட்டிய வற் வரியை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். ஆனால் பிரகடனத்தில் இறக்குமதியாளராக உங்கள் பெயரும் வரி செலுத்துநர் இலக்கமும் இருக்க வேண்டும். கம்பனியின் பெயரில், அல்லது உங்கள் ஊழியர் ஒருவரின் சொந்தப் பெயரில் பார்சல் வந்திருந்தால் கழிப்பது கஷ்டமாகிவிடும். எமது கணக்கில் அந்த 7,920 ரூபாவும் போய்விடும். ஓடர் கொடுக்கும்போதே வியாபாரப் பெயரையும் இலக்கத்தையும் கொடுப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. கூரியர் கட்டணத்துக்கு அறவிட்ட 900 ரூபா வற் வரிக்கும் முறையான வரி இன்வொய்ஸ் கேட்டு வாங்குங்கள்.

நாம் அனுப்பும்போதும் இதே கதை

பேருவளையிலிருந்து மாணிக்கக் கல்லோ, வேறு ஊரிலிருந்து பத்திக் துணியோ வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புவோர், மறுபக்கத்தில் அவருக்கும் இப்படி ஒரு பில் போகும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 800 டொலர் வரையான பார்சல்களுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஓகஸ்ட் 29 இல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வற் விலக்கை 2021 ஜூலை 1 இல் நீக்கியது. சொல்லாமல் அனுப்பினால் வாடிக்கையாளர் பார்சலை ஏற்க மறுப்பார். திரும்பி வரும் கூலியும் எமது தலையில் விழும். யார் எதைக் கட்டுவது என்பதை விலை பேசும்போதே எழுதிக்கொள்வதுதான் வாடிக்கையாளரைக் காப்பாற்றும் வழி.

செய்யக் கூடாதது

கட்டணத்துக்குப் பயந்து, “இன்வொய்ஸில் குறைத்துப் போடு, அன்பளிப்பு என்று எழுது” என்று விற்பனையாளரிடம் சொல்வோர் உண்டு. இது பெறுமதியை மறைப்பதாகும். பொருள் பறிமுதலாகலாம், தண்டமும் வரலாம். அதைவிடப் பெரிய நட்டம், அதன் பின்னர் உங்களுக்கு உண்மையிலேயே அநியாயம் நடந்தாலும் பேச வாயிருக்காது. காட்டுவதற்கு உங்களிடம் உண்மையான இன்வொய்ஸ் இல்லையே.

ஓடர் கொடுக்கு முன் கூரியர் கம்பனியிடம் கட்டணப் பட்டியலை எழுத்தில் கேட்டு, இரண்டு மூன்று கம்பனிகளுடையதையும் ஒப்பிட்டு, சிறு ஓடர்களை ஒன்றாகச் சேர்த்து வரவழைக்கும் பழக்கம் எமது கடைகளில் வரவேண்டும். ஒரே சந்தையில் வாங்கும் இரண்டு மூன்று கடைக்காரர்கள் ஒருவர் பெயரில் சேர்த்து எடுத்துக் கணக்கைப் பிரித்துக்கொள்ளவும் முடியும். எதைச் செய்தாலும், அடக்க விலை போடும்போது வரிக்கு ஒரு கோடும் கூரியர் கட்டணத்துக்கு வேறொரு கோடுமாகக் கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் எழுதினால், எந்தக் கம்பனியோடு தொடர்வது, எந்தக் கம்பனியை விடுவது என்பதை அந்தக் கொப்பியே சொல்லும்.