முன்னால் வர வேண்டிய வரி

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருபவர்கள், கல்வெட்டுச் சுவரைக் காட்டி "குடவோலை, ஜனநாயகம்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வேனில் ஏற்றிவிடுவார்கள். நானும் அப்படிப் பார்த்துவிட்டுப் போனவன்தான். பம்பு, தெளிப்பான் வகையறாவுக்குக் கையேடு எழுதிப் பிழைக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தச் சுவர் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. பக்கா யூசர் மேனுவல் அது.

ஊரில் முப்பது குடும்புகள், இன்றைய வார்டுகள் மாதிரி. சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறை இது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமாரும், அதாவது பூசாரிகளும், வாசிக்க வேண்டும். 'நேர்மையாக நடக்கவும்' என்று எழுதியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். விரலை விரி என்று எழுதியவருக்கு, மூடிய கையில் என்னென்ன நடக்கும் என்று தெரிந்திருக்கிறது.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பராந்தக சோழன் காலத்தில் 919-இல் ஒரு முறை வெட்டினார்கள், 921-இல் மறுபடி வெட்டினார்கள். முதலில் தகுதி வயது முப்பதிலிருந்து அறுபது. அடுத்ததில் முப்பத்தைந்திலிருந்து எழுபது. கல்லில் வெட்டியதையே இரண்டு வருஷத்தில் திருத்த ஒரு சபை இருந்தது. எங்கள் தொழிலில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இல்லாதது அந்தச் சபைதான்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு பம்புக் கையேட்டில் 'மூடியைக் கழற்றவும்' என்று எழுதி, அதற்கு அடுத்த வரியில் 'கழற்றுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்' என்று எழுதியிருந்தேன். இலக்கணப் பிழை இல்லை. பொறியாளர் பார்த்தார், மேலாளர் பார்த்தார், ஒப்புதல் கொடுத்தார்கள். சென்னையில் எங்கள் தொழில்காரர்கள் நாலைந்து பேர் கூடிய இடத்தில் அதை எடுத்துக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகத்தான். மூத்த அம்மா ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "தம்பி, வரிவரியாப் படிச்சுக்கிட்டே வேலை செய்யறவரு இந்நேரம் மூடியைக் கழட்டியிருப்பாரே!" என்றார். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வர வேண்டும். தொழிலின் அரிச்சுவடி அது. எனக்குச் சொல்லித்தர அதுவரை ஆள் இல்லை.

தொழில்நுட்ப எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். வேலை வாய்ப்புச் செய்தி வரும், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு கேட்கலாம் என்று தெரியும், நல்லதுதான். சான்றிதழை நான் கடைசியில்தான் வைப்பேன்.

கூடி உட்கார்ந்தால்தான் நடக்கும் வேலைகளும் உண்டு. விமானப் பராமரிப்புக் கையேடுகளைப் படிக்கும் மெக்கானிக்குகளில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களுக்காக ஐரோப்பிய விமானத் தொழில் சங்கம் 1986-இல் ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்து வெளியிட்டது. அதில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். 'குளோஸ்' என்றால் மூடு. 'பக்கத்தில்' என்ற பொருளில் எழுதக் கூடாது. எந்தத் தனி மேதையும் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதி ஊரை ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. நம் பக்கத்திலும் இந்த ஆசை பழையது. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, 1916-இல் நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் சொற்களுக்குத் தமிழ் காணவே ஒரு சங்கம் தொடங்கினார், பத்திரிகையும் நடந்தது. வால்வுக்கு ஒருவர் 'தடுக்கிதழ்', இன்னொருவர் 'ஓரதர்' என்று எழுதுவதையும், பம்பு ஆப்பரேட்டர் இரண்டையும் தாண்டி 'வால்வு' என்றே சொல்வதையும் பார்க்கும்போது அந்த வேலை இன்னும் பாதியில் நிற்பது தெரிகிறது.

சங்கம் என்றால் எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். 1953-இல் வேர்விட்ட அமெரிக்கச் சங்கமான எஸ்.டி.சி., இந்தியாவிலும் கிளை வைத்திருந்தது. நிதி நெருக்கடி தாளாமல் 2025 ஜனவரியில் இழுத்து மூடிவிட்டது. ஜெர்மனியில் 1978-இல் தொடங்கிய டெகோம் நடக்கிறது. அதன் மாநாடு பெங்களூருவரைக்கும் வந்திருக்கிறது. உத்திரமேரூர்வரை வருமா? அந்தச் சபையிலேயே வரி கட்டும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் இல்லாதவனின் பெயர் பொதுவாகக் குடத்துக்குள் போகாது. இந்தக் காலத்துக் கால்வேலி நிலம், அந்நியச் செலாவணியில் கட்டும் சந்தாவும் சரளமான ஆங்கிலமும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் எந்திரத்துக்குப் பக்கத்தில் தமிழில் ஒட்டியிருக்கும் வேலைக் குறிப்புகளைப் பாருங்கள். அவற்றை எழுதிய சூப்பர்வைசருக்கு, தானும் தொழில்நுட்ப எழுத்தாளர் என்று யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட இரண்டு பேரையும் ஒரு பூச்சிமருந்துக் கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை உட்காருகிறோம். சந்தா கிடையாது, டீக்காசு மட்டும். போன முறை, தெளிப்பானின் கையேட்டில் 'முகக் கவசம் அணியவும்' என்பது ஏழாவது படியில் இருந்தது. மருந்தைக் கலக்குவது மூன்றாவது படி. கடைக்காரர்தான் கண்டுபிடித்தார்.